அப்பாவின் ஹைஃபை செட்டுக்கு எந்த ஸ்ட்ரீமர்?

வானொலியில் வேலை பார்ப்பவனிடம் மக்கள் என்ன கேட்பார்கள்? "என் பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் போடுங்க தம்பி" என்பார்கள். அது இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக, கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் என்னைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்கிறார்கள். "வீட்டுல பழைய செட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. கைப்பேசியில வர்ற பாட்டை அதுல போட முடியுமா?"

முடியும். அதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரீமர்.

குருண் பக்கத்துத் தாமான் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். தோட்டம் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபோது லயத்து வீட்டைக் காலி செய்து வந்த குடும்பங்கள், லாரியில் முதலில் ஏற்றியது சாமி படம் என்றால் அடுத்து ஏற்றியது பெரும்பாலும் பாட்டுப் பெட்டியாகத்தான் இருக்கும். எண்பதுகளில், தொண்ணூறுகளில் போனஸ் காசில் வாங்கியது. ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். இன்று அது ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், மேலே பூச்சாடி வைக்கும் மேசையாக நிற்கிறது. பாட்டு கைப்பேசியின் சின்ன ஓட்டை வழியாக வருகிறது. அல்லது பாசார் மாலாமில் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரில்.

அந்தப் பழைய செட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும், இன்று அதே செலவில் கிடைக்கும் புளூடூத் ஸ்பீக்கரை எளிதாகத் தோற்கடிக்கும்.

புளூடூத்தே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இருபது, முப்பது வெள்ளிக்கு ஒரு புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. அதைச் செட்டின் பின்னால் மாட்டினால் வேலை முடிந்தது. உண்மைதான். ஆனால் புளூடூத்தில் பாட்டு உங்கள் கைப்பேசிக்குள் வந்து, அங்கே மறுபடியும் சுருக்கப்பட்டு, பிறகு காற்றில் செட்டுக்குப் போகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். வாட்ஸ்அப் செய்தி வந்தால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று பெரிதாகக் கேட்கும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும். ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அது வீட்டு வைஃபை வழியாக, தானே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது. கைப்பேசி வெறும் ரிமோட். நீங்கள் கடைக்குப் போனாலும் அம்மா கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் செட்டின் முதுகைப் பாருங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு மாமா. தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, இப்போது குருணில் ஓய்வாக இருக்கிறார். ஸ்ட்ரீமர் வாங்க உதவி கேட்டு என்னை அழைத்திருந்தார். வீட்டுக்குப் போய் நான் செய்த முதல் வேலை, செட்டைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தது. தூசியைத் துடைத்ததும் சிவப்பும் வெள்ளையுமாகச் ஜோடி ஜோடியாக ஓட்டைகள் தெரிந்தன.

"இதுல எந்த ஓட்டையில சொருவுறது தம்பி?"

"ஆக்ஸ்னு எழுதியிருக்கு பாருங்க மாமா, அதுல."

ஆக்ஸ், லைன் இன், சிடி, டியூனர், டேப் இன் என்று எது எழுதியிருந்தாலும் சரிதான். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் சொருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசிக்கானது. ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னலையைப் பல மடங்கு பெருக்கி, கனத்த ஒலியையும் தனியாகத் தூக்கிக் கொடுக்கும் பகுதி அது. அங்கே ஸ்ட்ரீமரைச் சொருகினால் காது கிழியும். சில குறுஞ்செட்டுகளில் வெளியிலிருந்து ஒலி உள்ளே வர வழியே இருக்காது. அப்படியானால் இந்தத் திட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

மாமாவின் செட்டில் ஆக்ஸ் இருந்தது. ஆனால் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றினால், கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் கையில் மாவாக உதிர்ந்தது. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் அந்த ஃபோமைத் தின்றுவிடும். இது பழைய ஸ்பீக்கர்களின் பொதுவான நோய். ஆகவே ஸ்ட்ரீமருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி முதலில் சுங்கை பட்டாணியில் உள்ள ஒரு ரிப்பேர் கடைக்குப் போனது. ஃபோம் மாற்றி, குமிழைச் சுத்தம் செய்து, உள்ளே உப்பியிருந்த கப்பாசிட்டர்களை மாற்றி வாங்கி வந்தோம். மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். புதுப் பெட்டி வாங்கப் போய்ப் பழையதற்குச் செலவு செய்கிறோமே என்று. ஆனால் கேட்கும் ஒலியில் பெரிய மாற்றம் அங்கேதான் வந்தது. பிறகு என்ன ஸ்ட்ரீமரை மாட்டினாலும் அந்த அளவு வித்தியாசம் வரப்போவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். இன்றைய கருவிகள் வெளியே அனுப்பும் ஒலியலை சுமார் 2 வோல்ட். அந்தக் கால ஆம்ப்ளிஃபயர்கள் அதைவிடப் பல மடங்கு குறைவாகவே எதிர்பார்த்தன. அதனால்தான் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிர்கிறது. ஸ்ட்ரீமரின் செயலியில் வெளியீட்டு அளவைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

யார் பட்டனை அழுத்தப் போகிறார்கள்?

ஹைஃபை பத்திரிகைகள் எல்லாம் 'எந்தச் சிப்பு, எத்தனை பிட்' என்று தொடங்குகின்றன. நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். உங்கள் வீட்டில் இதை யார் இயக்கப் போகிறார்கள்?

மாமாவின் வீட்டில் காலை ஐந்தரைக்குப் பாட்டுப் போடுபவர் அத்தை. அவருக்குச் செயலி வேண்டாம், தேடல் வேண்டாம். ஒரு பட்டன் வேண்டும். அழுத்தினால் பக்திப் பாடல். இன்னொன்றை அழுத்தினால் மின்னல் எஃப்எம். பழைய வானொலிப் பெட்டிகளில் நிலையங்களைப் பதிந்து வைக்கும் பட்டன் இருந்ததே, அதேதான். சில ஸ்ட்ரீமர்களோடு வரும் ரிமோட்டில் இப்படிப்பட்ட முன்பதிவுப் பட்டன்கள் இருக்கின்றன. சிலவற்றில் ரிமோட்டே இல்லை, எல்லாமே கைப்பேசிதான். கைப்பேசியை மகன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பெட்டி ஊமை. விலையில் ஐம்பது, நூறு வெள்ளி கூடினாலும் ரிமோட் உள்ளதையே வாங்குங்கள் என்பேன்.

குனோங் ஜெராய் மலையின் அடியில் இருக்கும் குருணில் வானொலி அலைக்கு என்ன குறை, 1,217 மீட்டர் மலையின் மேலேயே ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அலை தாராளமாக வருகிறது. ஆனால் அத்தைக்குச் சென்னை வானொலியும் வேண்டும், சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் வேண்டும். அவற்றை ஆண்டெனா கொண்டுவராது, ஸ்ட்ரீமர் கொண்டுவரும்.

அடுத்து, உங்கள் வீட்டில் எந்தச் சேவைக்குப் பணம் கட்டுகிறீர்கள், எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறீர்கள் என்பது. இது கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான். பாட்டைப் பெட்டிக்குக் கொண்டுபோகும் வழிகள் பல இருக்கின்றன. ஸ்பாட்டிஃபைக்கு ஸ்பாட்டிஃபை கனெக்ட். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் யூடியூப் மியூசிக் கேட்பவர்களுக்குக் கூகல் காஸ்ட். ஐபோன்காரர்களுக்கு ஏர்பிளே. பெரும்பாலான ஸ்ட்ரீமர்களுக்குள் ஆப்பிள் மியூசிக் நேரடியாக இருப்பதில்லை. ஐபோனிலிருந்து ஏர்பிளேயில்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அண்மைக் காலத்தில் மலிவான ஸ்ட்ரீமர் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் வீம். அதன் ஆகச் சின்ன மாடலான வீம் மினி வந்தபோது 100 அமெரிக்க டாலருக்குள் இருந்தது. அதில் ஏர்பிளே உண்டு, ஸ்பாட்டிஃபை கனெக்ட் உண்டு, கூகல் காஸ்ட் இல்லை. அதே நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த வீம் அல்ட்ரா 329 டாலர். வண்ணத் திரை, தொலைக்காட்சியை இணைக்கும் எச்டிஎம்ஐ, இசைத்தட்டுக்கான இணைப்பு எல்லாம் உண்டு. கூகல் காஸ்ட் உண்டு. ஏர்பிளே இல்லை! நடுவில் இருக்கும் வீம் புரோ, வெளியானபோது 149 டாலர். அதில் இரண்டுமே உண்டு. ஐபோன் வைத்திருக்கும் ஒருவர், விலை கூடினால் எல்லாம் கூடும் என்று நம்பி ஆகப் பெரியதை வாங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் சின்னச் சின்ன முத்திரைகளைக் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் படிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

24 பிட் யாருக்கு?

இனி ஒலித்தரம். இதைப் பற்றி எழுதாவிட்டால் ஹைஃபை அன்பர்கள் என்னை விடமாட்டார்கள்.

குறுந்தட்டில் இருக்கும் ஒலியை வினாடிக்கு 1,411 கிலோபிட் என்று அளக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை பல ஆண்டுகளாகத் தந்த ஆக உயர்ந்த தரம் 320. எஞ்சியது, காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு வெட்டி எடுக்கப்பட்டது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் எதையும் வெட்டாத தரத்தைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை அதையே 2025 செப்டம்பரில் அறிவித்து, நாடு நாடாகத் திறந்துவிட்டது. இதற்கு மேலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று 'ஹை-ரெஸ்' வகை ஒன்று இருக்கிறது. விளம்பரங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒலிப்பதிவு அறையில் தினமும் உட்காருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். 128 கிலோபிட் எம்பி3-க்கும் குறுந்தட்டுத் தரத்துக்கும் உள்ள வேறுபாடு நல்ல ஸ்பீக்கரில் யாருக்கும் கேட்கும். சலங்கை, கைத்தட்டல், வயலின்களின் கூட்டொலி எல்லாம் 128-இல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். 320-க்கும் குறுந்தட்டுக்கும் உள்ளதைக் கேட்கச் செட்டும் அறையும் நன்றாக இருக்க வேண்டும், மனமும் அதில் இருக்க வேண்டும். குறுந்தட்டுக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் உள்ளதை, பாட்டின் பெயரை மறைத்து வைத்துச் சோதித்தால், நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

நம் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் வந்த 'பிரியா'வின் பாடல்களைத்தான் தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவின் தொடக்கம் என்று சொல்வது வழக்கம். அதற்கு முந்திய எம்.எஸ். விசுவநாதன், கே.வி. மகாதேவன் பாடல்கள் ஒற்றை ஒலித்தடத்தில் பதிவானவை. அவற்றில் பல நமக்கு வந்து சேர்ந்திருப்பது, மூல ஒலிநாடாவிலிருந்து கூட இல்லை, தேய்ந்த இசைத்தட்டிலிருந்து. அந்தப் பாட்டை 24 பிட்டில் போட்டாலும் 16 பிட்டில் போட்டாலும் கரகரப்பு அதே கரகரப்புதான். அங்கே வித்தியாசம் செய்வது யார் அதைப் படியெடுத்தார்கள் என்பது. ஒரே பாட்டு ஒரு சேவையில் மூன்று, நான்கு தொகுப்புகளில் கிடக்கும். ஒன்றில் குரல் துல்லியமாக நிற்கும். இன்னொன்றில் யாரோ எதிரொலியைச் சேர்த்து 'புதுப்பித்து' வைத்திருப்பார்கள். யூடியூபில் '5.1', '8டி' என்று தலைப்புப் போட்டு வருவனவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒலி தலையைச் சுற்றிச் சுற்றி வரும். பாட்டு எங்கேயோ போய்விடும். விலையுயர்ந்த பெட்டி வாங்குவதைவிட, பிடித்த ஐம்பது பாடல்களுக்கு நல்ல படி எது என்று உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்து ஒரு பட்டியல் போடுவது மேல். அதற்குச் செலவில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஸ்ட்ரீமருக்குள் எண்களை ஒலியாக மாற்றும் ஒரு பகுதி இருக்கிறது. கடைக்காரர்கள் 'டேக்' என்பார்கள். அதில் இந்தச் சிப்பு, அந்தச் சிப்பு என்று விலை ஏறும். வீம் புரோவுக்கும் அதன் அண்ணன் புரோ பிளஸுக்கும் இடையே உள்ள 70 டாலர் பெரும்பாலும் இதற்குத்தான். பழைய செட்டில் பழைய பாட்டுக் கேட்பவர்கள் அந்தப் பணத்தை ஹாலுக்கு ஒரு தடித்த பாயோ திரைச்சீலையோ வாங்கப் பயன்படுத்தலாம். நம் தாமான் வீடுகளின் ஓடு பதித்த தரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலித்து அடிக்கும் கூத்தை எந்தச் சிப்பும் சரிசெய்யாது.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனை ஒரு தடம், கீர்த்தனை ஒரு தடம், தனி ஆவர்த்தனம் ஒரு தடம் என்று வெட்டி வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி இல்லாமல் போகும் வசதி கருவியில் இல்லாவிட்டால், தம்பூரா சுருதி நடுவில் 'டக்' என்று அறுந்து மறுபடி தொடங்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'கேப்லெஸ்' என்று பெயர். கடையில் கேளுங்கள்.

கம்பெனி மூடினால் பெட்டி என்னாகும்?

ஆம்ப்ளிஃபயர் முப்பது ஆண்டு உழைக்கும். ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அதன் உயிர் உங்கள் வீட்டில் இல்லை. எங்கேயோ இருக்கும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது.

கூகல் 2015-இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற வட்டமான சின்னக் கருவியை 35 டாலருக்கு விற்றது. பழைய செட்டுக்கு அதைப்போல மலிவான துணை அதற்குப் பிறகு வரவில்லை என்றே சொல்வேன். 2019 தொடக்கத்தில் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். 2025 மார்ச்சில் ஒருநாள், அதற்குள்ளிருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி உலகம் முழுக்க அந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. சில நாளில் கூகல் சரிசெய்தது. செய்யாமல் விட்டிருந்தால் எல்லாம் குப்பைதான்.

சோனோஸ் பெரிய பெயர், பெரிய விலை. 2024 மே மாதம் தன் செயலியைப் புதிதாக மாற்றியது. பழைய செயலியில் இருந்த பல வசதிகள் காணாமல் போயின. வாடிக்கையாளர்களின் கோபம் அடங்காமல், 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகியே பதவி விலகினார். பெட்டியில் ஒரு திருகாணி கூட மாறவில்லை. மாறியது செயலி மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமரை லாஜிடெக் 2012-இல் கைவிட்டது. ஆனால் அதை இயக்கும் மென்பொருள் யாரும் எடுத்து மேம்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள். ஆர்வலர்கள் அதை இன்றுவரை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. கைவேலை பிடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் ஒலிப் பலகை ஒன்றைப் பொருத்தி, வொலூமியோ போன்ற மென்பொருளை ஏற்றி, தாங்களே ஒரு ஸ்ட்ரீமர் செய்துவிடலாம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது ஒரு வார இறுதி வேலை. ஆனால் அத்தைக்கு அது சரிப்படாது. ஏதாவது நின்றுபோனால் பிள்ளை கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும்.

எனவே ஸ்ட்ரீமருக்குப் பெரிய பணம் போடாதீர்கள். ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்-ஸ்ட்ரீமர் அழகாகத்தான் இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கும்போது அது எதற்கு?

சாம்பல் நிறப் பாட்டுகள்

மாமா வீட்டில் எல்லாம் மாட்டி முடித்து, அவர் பட்டியலில் சேர்த்த பாட்டுகளில் சில சில வாரங்களில் சாம்பல் நிறமாகிவிட்டன. அழுத்தினால் பாடாது. "நேத்து பாடுச்சே தம்பி?" என்றார். பெட்டியின் கோளாறு இல்லை. உரிமம் மாறும்போது சேவையிலிருந்து பாட்டை எடுத்துவிடுகிறார்கள். தமிழ்த் திரையிசையின் உரிமைகள் யாரிடம் என்பது பெரிய சிக்கல். இளையராஜாவுக்கும் எக்கோ, நம் மலேசியாவின் அகி மியூசிக் ஆகிய நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு பலருக்கு நினைவிருக்கும். 2019-இல் அதில் தீர்ப்பு வந்தது. மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் பாட்டு உங்களுடையது அல்ல, வாடகை.

தேடலும் ஒரு தலைவலி. பாட்டெல்லாம் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. இளையராஜாவின் பெயரையே ஓர் எழுத்து கூட்டியும் குறைத்தும் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். 'பில்லா' என்று தேடினால் 2007 படம் முன்னால் வந்து நிற்கும். மாமா தேடியது 1980 படம். ஆண்டையும் இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடினால் பாதிச் சிக்கல் தீரும்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. மாமாவின் அலமாரியில் பிஸ்கட் டின்னில் நாற்பது, ஐம்பது கேசட்டுகள். அதில் பாதி சினிமா, எங்கும் கிடைக்கும். மீதி? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த உறுமி மேளம். தீபாவளிக்கு இளைஞர்கள் போட்ட நாடகம். அவருடைய கல்யாணத்தில் உள்ளூர் இசைக்குழு வாசித்தது. அவருடைய தாயார் பாடிய தாலாட்டு, ஒரு பக்கம் முழுக்க. இவை உலகில் எந்தச் சேவையிலும் இல்லை. நம் உள்ளூர்க் கலைஞர்கள் வெளியிட்ட ஆல்பங்களிலும் இணையத்துக்கு வராதவை நிறைய. யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' 2006-இல் வந்தது. அது பேர் பெற்றது, பிழைத்துக்கொண்டது. அதற்கு முன்பு கேசட்டோடு நின்றுபோன குரல்கள் எத்தனையோ.

ஆகவே ஸ்ட்ரீமர் வாங்கும்போது நான் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான்: என் சொந்தக் கோப்புகளை அது பாடுமா? பின்னால் யூஎஸ்பி டிரைவ் சொருக இடம் இருக்கிறதா? வீம் அல்ட்ராவிலும் புளூசவுண்ட் நோடிலும் இருக்கிறது. வீம் புரோவில் இல்லை. ஆனால் அது வீட்டு வலையமைப்பில் உள்ள கோப்புகளைப் பாடும். பல வீட்டு ரவுட்டர்களின் பின்னாலேயே ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கிறது, அதில் டிரைவைச் சொருகி, அமைப்பில் 'மீடியா சர்வர்' என்பதைத் திறந்துவிட்டால் ஸ்ட்ரீமர் கண்டுபிடித்துக்கொள்ளும். மாமாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

கேசட்டைக் கோப்பாக மாற்றுவது கடினமில்லை. டெக்கின் தலையைச் சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். டெக்கின் 'லைன் அவுட்'டிலிருந்து யூஎஸ்பி ஒலி இணைப்பான் வழியாக மடிக்கணினிக்கு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். ஒரு மணி நேரக் கேசட், வெட்டாத தரத்தில் சுமார் 600 மெகாபைட். ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் ஏறக்குறைய பாதி. நூறு கேசட்டும் ஒரு 64 கிகாபைட் டிரைவில் அடங்கிவிடும். பூஞ்சை பிடித்து வெள்ளையாகத் தெரியும் நாடாவை அப்படியே ஓட்டாதீர்கள். அறுந்துவிடும், டெக்கும் கெடும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அதிகம் கைவைக்கவும் வேண்டாம். தாலாட்டின் பின்னால் கேட்கும் சேவல் கூவலும் அந்தத் தோட்டத்துடையதுதான்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

இணையம் பற்றிக் கவலை வேண்டாம். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 144 மெகாபைட் போகும். குறுந்தட்டுத் தரத்தில் 400 மெகாபைட் அளவு. தாமானில் ஃபைபர் இருப்பவர்களுக்கு இது தூசு. தோட்டத்துக்குள் சிம் அட்டை மோடத்தை நம்பியிருப்பவர்கள், மாத அளவைப் பார்த்து 320-இலேயே வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உள்ளூர் முகவரின் விலைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. உள்ளூரில் வாங்கினால் உத்தரவாதமும் எம்சிஎம்சி முத்திரையும் நம் ஊர் மூன்று கால் பிளக்கும் இருக்கும்.

கடைசியாக இடி. ஜெராய் பக்கம் மாலையில் கறுத்தால் என்ன வரும் என்று குருண்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலர் மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு வயர் போட்டிருந்தால், மின்னல் அந்த வயர் வழியாகவும் வந்து ஸ்ட்ரீமரையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து எரித்துவிடும். வைஃபையில் ஓடும் ஸ்ட்ரீமருக்கு அந்த ஒரு வழி இல்லை. வயர் போட்டவர்கள் இரண்டையும் பிடுங்குங்கள். மாமா வீட்டில் வயர் போடவில்லை. கேசட்டுகளின் கோப்புகளை இரண்டாவது டிரைவில் படியெடுத்து, பினாங்கில் இருக்கும் மகள் வீட்டில் வைத்திருக்கிறார்கள். இப்போது மாமாவும் அத்தையும் ஒவ்வொரு கோப்பாகப் போட்டுக் கேட்டு, பாடுவது யார், எந்த ஆண்டுத் திருவிழா, நடுவில் சிரிப்பது யார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பதினேழு கேசட் முடிந்திருக்கிறது.